புகல் தேடினோர் புகல் தந்தமை: மருதமடுக் கோவில் வரலாறு



எக்குலத்தார் வரலாற்றை எடுத்து நோக்கினும், அதன் முதலேட்டில், "எம் முன்னோர் இன்ன நாட்டினின்று இன்ன காரணம்பற்றிப் பெயர்ந்து இவ்வூர்க்கு வந்தனர்" என்னும் வாக்கியம் ஒன்று காணப்படும். பஞ்சத்தால் வந்தோரும், போரால் வந்தோரும், அரசன் கொடுமைக்கு அஞ்சி இரவோடிரவாக வந்தோரும், தொழில்பற்றி வந்தோரும் எனக் காரணம் பலவாயினும், வந்தமை பொதுவேயாம். ஆயின், அவ்வாறு வந்த நாளில் அவர்க்கு முதன்முதல் நீர் வார்த்தவர் யாவர், இராத்தங்கத் திண்ணை தந்தவர் யாவர், குடில் கட்ட நிலம் விட்டவர் யாவர் என வினவுவோமாயின், நம் குலவரலாறுகள் பெரும்பாலும் வாய் திறவா. வந்தோர் பெயரை எழுதி வைத்தோம். ஏற்றோர் பெயரை எழுதி வைத்திலேம். இது நன்றியறிதலுக்கு ஒவ்வாத செயல் என்பது ஒருபுறமிருக்க, நம்பால் வருவோரை நாம் எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்னும் அறிவையும் நமக்கு இல்லாதாக்கிவிட்டது.

ஆதலின் இத்திங்கள் ஏற்றோர் வரலாறு ஒன்றனை எழுதப் புகுந்தாம். இலங்கைத் தீவின் வடமேற்கே, மன்னார்ப் பகுதியிற் காட்டினிடையே அமைந்து, மருதமடு என்றும் சுருக்கமாக மடு என்றும் வழங்கும் தேவமாதா ஆலயமே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். அதன் திருவிழாச் சிறப்பும், அங்கு நிகழ்ந்தனவாகச் சொல்லப்படும் அற்புதங்களும் பலராற் பலமுறை எழுதப்பட்டுள்ளன. யாம் கூறப் புகுவது பிறிதொன்று. ஓடிவந்தவர்களால் எழுப்பப்பட்ட ஒரு கோவில், முந்நூறு ஆண்டு கழிந்தபின் ஓடிவந்தவர்களை எவ்வாறு ஏற்றது என்பதே அது.

முதற்கண் இரண்டு சொற்களை ஆராய்வாம். ஒரு குருவானவர் பொறுப்பில் அமைந்த ஊர்த்தொகுதியைக் கத்தோலிக்க மக்கள் கோவிற்பற்று என்றும் பங்கு என்றும் வழங்குவர். ஆங்கிலர் பாரிஷ் என்பர். அவ்வாங்கிலச் சொல்லுக்கு மூலம் பரோய்க்கியா என்னும் கிரேக்கச் சொல். அதன் பொருளோ நம்மனோர் எதிர்பாராதது. தனக்கு உரிமையில்லாத நாட்டில் ஒருவன் அயலானாய்த் தங்கியிருத்தல் என்பதே அதன் பழம்பொருள். ஆதிக் கிறிஸ்தவர்கள் தம்மை இவ்வுலகில் வழிப்போக்கர் என்று கருதினமையால், தங்கள் கூட்டத்திற்கு அப்பெயரை இட்டுக்கொண்டனர். நாளடைவிற் பொருள் மாறி, எல்லை வகுக்கப்பட்ட நிலைத்த ஊரை அது குறிப்பதாயிற்று. இனித் தமிழில் வழங்கும் பங்கு என்னும் சொல், உள்ளதைப் பலர் பகுத்துக்கொள்ளும் கூற்றைக் குறிப்பது. எனவே அயலானாய்த் தங்குதல் என்பது கிரேக்கச் சொல் தரும் பொருள். பகுத்துக்கொள்ளுதல் என்பது தமிழ்ச்சொல் தரும் பொருள். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குக் கோவிற்பற்று எதன்பொருட்டு ஏற்பட்டது என்பது தானே விளங்கும்.

மற்றொரு சொல் அகதி என்பது. இது வடமொழிச் சொல். கதி என்பது செல்லும் நெறியும் சென்றடையும் புகலிடமுமாம். அஃது இல்லாதவர் அகதி. ஆகவே ஒருவர்க்கு நாம் புகலிடம் தந்த அன்றே அப்பெயர் அவரை விட்டு நீங்கியிருத்தல் வேண்டும். ஆண்டு பல கடந்தும் அது நீங்காதிருப்பின், குறை வந்தோரிடத்தன்று. தந்தோம் என்று நாம் கருதிய புகலிடத்திலேயே குறையுளது என்க. இதனைப் பின்னர் விரிப்பாம்.

நிற்க. மன்னார்த் தீவும், அதன் எதிர்க்கரையாகிய மாந்தையும் பழைமையான துறைமுகப் பகுதிகள். மாதோட்டம் என்று பழந்தமிழர் வழங்கியதும், திருக்கேதீச்சரம் என்னும் பாடல்பெற்ற சிவத்தலம் விளங்குவதும் இங்கேயாம். கடலுக்கு இப்பால் நம் முத்துக்குளித்துறை, அப்பால் மன்னார். இருகரை மக்களும் ஒரே கடலில் முத்தெடுத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தமையால், ஒரு கரையில் நிகழ்ந்தது மறுகரையை எட்டாமற் போவதில்லை. இக்கரையிற் பிரான்சிஸ்கு சவேரியார் உழைத்துவந்தபோது, மன்னார் மக்கள் அவர்பால் ஆளனுப்பி அழைத்தனர். அவர் தாம் போக இயலாமையின் வேறொரு குருவை அனுப்பினார். அம்மக்களுட் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அதனையறிந்து, யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் 1544-ஆம் ஆண்டின் இறுதியிற் படையனுப்பி, அவர்களுள் ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான். மதமாற்றத்தின் பின்னே பறங்கியர் ஆட்சியும் வந்து புகும் என்னும் அச்சமே அவனை அவ்வாறு செய்யத் தூண்டியது என்பர். அவ்வச்சம் பொய்யாகவுமில்லை. 1560-இற் பறங்கியர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டையமைத்தனர்.

அக்காலத்தே இக்கரையிற் புன்னைக்காயல் முதலிய ஊர்களிற் படையெடுப்புகளால் அல்லலுற்ற பரதவருள் ஒரு பகுதியார், பறங்கி ஆளுநரின் ஏற்பாட்டாற் கடல் கடந்து மன்னாரிற் குடியேற்றப்பட்டனர். தம்பிரான் வணக்கம் என்னும் நூலை 1578-இல் தமிழெழுத்தில் அச்சிடுவித்த ஹென்றிக்கஸ் சுவாமியாரும் அவர்களோடு சிலகாலம் மன்னாரில் தங்கினார். எனவே அக்கரைக் கோவிற்பற்றுகளின் தொடக்கத்திலேயே, ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர் உளர் என்பது தெளிவு.

சரித்திரம் எழுதப் புகுந்தோர் நடுவுநிலை பிறழ்தலாகாது. பறங்கியர் 1619-இல் யாழ்ப்பாண அரசைத் தம் கைப்படுத்தியபின், சைவக் கோவில்கள் இடிக்கப்பட்டன. தம் ஆட்சிக்குட்பட்ட இலங்கைப் பகுதிகளினின்றும் முஸ்லிம்களை அவர்கள் 1626-இல் வெளியேற்றினர். போக்கிடமின்றி நின்ற அம்மக்களைக் கண்டியரசனாகிய செனரதன் ஏற்று, அவர்களுட் பெருந்தொகையினரைக் கீழ்க்கரையில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். கத்தோலிக்க அரசு துரத்திய முஸ்லிம்களைப் பௌத்த அரசன் ஏற்றான் என்னும் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்க. ஏனெனில், மிகச் சில ஆண்டுகளுக்குள் துரத்தப்படும் முறை கத்தோலிக்கர்க்கே வந்தது.

1658-இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். ஒல்லாந்தரும் கிறிஸ்தவரேயெனினும், கத்தோலிக்க மதத்திற்கு மாறானவர். கத்தோலிக்கக் குருமார் யாவரும் நாட்டைவிட்டு நீக்கப்பட்டனர். ஒரு குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று அவ்வாண்டே கட்டளை பிறந்தது. கோவில்கள் ஒல்லாந்தர் வழிபாட்டிடங்களாயின. ஆயிரக்கணக்கான மக்கள் குருவின்றி, பூசையின்றி, வெளிக்கு ஒன்றும் உள்ளத்தே ஒன்றுமாய் வாழவேண்டியவராயினர்.

இந்நிலையில், 1670-ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் 20, தங்கள் கோவிலிலிருந்த தேவமாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுட் புகுந்தன என்பது வழிவழிவந்த வரலாறு. ஒல்லாந்தர் கை எளிதில் எட்டாத அக்காட்டில், மருதமடு என்னுமிடத்தில் அவர்கள் தங்கினர். ஏறத்தாழ அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து 700 பேரளவில் மற்றொரு கூட்டத்தாரும் அவ்வாறே வன்னிக்கு ஓடிவந்தனர் என்ப. இருசாராரும் மருதமடுவிற் கூடினர். சுரூபத்திற்கு ஒரு சிறு கோவில் எழுந்தது. பறங்கித் தலைவன் ஒருவனுக்கு மகளாகிய எலேனா என்னும் பெண்மணி அதனைக் கட்டுவித்தாள் என்பது அவ்வூர் வழக்கு.

இவ்விடத்தே நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னர் வந்த 20 குடும்பத்தாரும் காட்டிற் செல்வராய் வாழ்ந்தவரல்லர். வீடும் தோட்டமும் துறையும் விட்டு, சுரூபம் ஒன்றையே தம் பொருளாகக் கொண்டு வந்தவர். அவர்தம் குடில்களுக்கு அயலே, தம்மினும் பன்மடங்கு தொகையினராய் மற்றொரு கூட்டம் வந்தபோது, "இக்காடு எமது, முன்வந்தோர் யாம்" என்று அவர்கள் விலக்கியிருப்பின், மருதமடு என்னும் பெயர் இன்று சரித்திரத்தில் இராது. இருந்த நீரையும் நிலத்தையும் அவர்கள் பகுத்துக்கொண்டமையாலேயே அவ்விடம் ஊராயிற்று. பங்கு என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை யாம் கண்டிலேம்.

குருவில்லாத காலத்திற் கோவிற்பற்று எவ்வாறு நடந்தது எனின், கூறுவாம். மூப்பர் என்றும் அண்ணாவியார் என்றும் பெயர்பெற்ற குடிமக்களுள் முதியோர், செபஞ் சொல்லிக்கொடுத்தல், பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், இறப்போர் அருகிருந்து வேண்டுதல், இறந்தாரை அடக்குதல் ஆகிய கடமைகளைத் தாமே மேற்கொண்டனர். கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கோவில் போயிற்று. அதற்கு எல்லை வகுத்த அரசும் போயிற்று. ஒருவர்க்கொருவர் செய்யும் கடமை மாத்திரம் எஞ்சிற்று. அதுவே போதுமானதாயிருந்தது.

1687-இல் யோசேப்பு வாஸ் சுவாமியார் என்னும் கொங்கணத்துப் பிராமணக் குலத்துக் குரு, கோவையினின்றும் புறப்பட்டு, கூலியாள் வேடத்துடன் தூத்துக்குடியிற் கப்பலேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். ஈண்டுக் கோவை என்றது பறங்கியர் ஆண்ட கோவாப்பட்டணத்தை. கடலிற் பட்ட துன்பத்தால் நோயுற்று, யாரென்று சொல்லிக்கொள்ள இயலாதவராய், வீடுவீடாகப் பிச்சை ஏற்றுத் திரிந்தார். குருவுக்கு இடந் தந்தால் மரணம் என்னும் சட்டம் நடைமுறையிலிருந்த நாள் அது. அவ்வாறிருந்தும், அவர் இன்னாரென அறிந்தபின் மறைத்து வைத்துக் காத்தவர் யாழ்ப்பாணத்து ஊர்மக்களே. சில்லாலை என்னும் ஊர் அவர்க்கு இருப்பிடமாயிற்று. பின்னர்ப் புத்தளம் வழியாக 1692-இற் கண்டி சென்றபோது, பறங்கியர் ஒற்றன் என்று கருதப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். நாளடைவில் அவர் தூய்மையை உணர்ந்த இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் பௌத்த அரசன், அவரை விடுவித்து, தன் நாட்டிற் குருத்தொழில் செய்ய விட்டான். செனரதன் முஸ்லிம்களுக்குச் செய்ததை இவன் கத்தோலிக்கர்க்குச் செய்தான்.

1697-இற் கண்டிமாநகரில் வைசூரி பரவிற்று. அரசனும் செல்வரும் நகரை விட்டு நீங்கினர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டில் விட்டுச் செல்லும் நிலை உண்டாயிற்று. வாஸ் சுவாமியாரும் அவர் துணைவரான குருவும் அவர்களைத் தேடியெடுத்து, வெற்றில்லங்களிற் கிடத்தி, மதபேதம் பாராது ஊட்டியும் கழுவியும் பேணினர். இறந்தோரைத் தம் கையாலே அடக்கினர். புகல் பெற்றவன் புகல் தந்த நாட்டுக்குச் செலுத்தும் கடன் இவ்வாறாக இறுக்கப்பட்டது. அச்சுவாமியார் 1711-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் கண்டியிலே காலமானார். அவர்பின் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழும் சிங்களமும் கற்று இருமொழியிலும் நூல்கள் இயற்றி, 1742-இல் மறைந்தார்.

ஒல்லாந்தர் ஆட்சி 1796-இல் முடிந்து, ஆங்கிலர் ஆட்சி வந்தபின் கத்தோலிக்கர்க்கு அச்சம் நீங்கிற்று. 1870-இற் பொஞ்சீன் ஆண்டகை ஜூலைத் திங்கள் 2-ஆம் நாளை மருதமடுத் திருவிழாவாக ஏற்படுத்தினார். புதிய பேராலயத்திற்கும் அவர் காலத்திலேயே அடிகோலப்பட்டது. 1924-இற் சுரூபத்திற்குத் திருத்தந்தையின் பெயரால் முடி சூட்டப்பட்டது. 1944-இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. தமிழரும் சிங்களரும், கத்தோலிக்கரும் அல்லாதாரும் அங்குத் திரளாகச் சென்று, மரத்தடிகளிலும் குடில்களிலும் நாட்கணக்கிற் கூடித் தங்குவது வழக்கமாயிற்று. அவ்விடத்து மண் பாம்புக்கடிக்கு மருந்து என்று நம்பி எடுத்துச் செல்வோர் பலர். இவ்வாறு பெருங்கூட்டம் தங்குதற்கு ஏற்ற வெளியும் பழக்கமும் அங்கு உண்டானமை, பின்னாளிற் பயன்பட்ட வகையை மேலே காண்போம்.

ஆங்கிலர் காலத்தே அவ்வழியே நடந்த மற்றொரு கூட்டத்தாரை மறத்தலாகாது. பஞ்சத்தாலும் கடனாலும் நம் மாவட்டங்களை விட்டுப் புறப்பட்ட ஏழை மக்கள், இராமேசுவரப் பக்கத்தினின்றும் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து வன்னிக் காட்டின் வழியே மாத்தளைக்கும் மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் நீரின்மையாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். அவர்களைப் புதைத்த இடங்களிற் பெயர் பொறித்த கல் இல்லை. ஏற்றோர் வரலாற்றை எழுதும்போது, ஏற்பாரின்றி மாண்டோர் வரலாறும் உடன் எழுதப்படல் வேண்டும். 1914-இல் தலைமன்னார்க்கு இருப்புப்பாதை அமைந்தபின் அந்நடை ஒழிந்தது. தோட்டத்திற்குச் செல்வோரை நோய் பரவாதபடி தங்கவைத்துச் சோதிக்கும் முகாம் இக்கரையில் மண்டபத்தில் ஏற்பட்டது. அம்மக்களின் வழித்தோன்றல்களைக் குறித்து 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சியோரைக் குறித்துப் பின்னர் முடிவு செய்வது என்று வகுத்தனர். மக்களைப் பொருள்போற் பங்கிட்ட இப்பங்கு, நாம் மேற்கூறிய பங்கிற்கு நேர்மாறானது.

இனி, நம் காலத்து நிகழ்ச்சிக்கு வருவாம். 1983-இல் இலங்கையில் தமிழர்க்கு எதிராக எழுந்த பெருங்கலகத்தின்பின் உள்நாட்டுப் போர் மூண்டது. 1990 ஜூனில் அது மீண்டும் கடுமையாக மூண்டபோது, மன்னார், வவுனியாப் பகுதிகளின் மக்கள் பல்லாயிரவர் வீடு விட்டு ஓடி மருதமடுக் கோவில் வெளியில் தங்கினர். திருவிழாக் கூட்டத்திற்கென இருந்த குடில்களும் மரநிழலும் கிணறுகளும் அகதிகளுக்கு ஆயின. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையர் அலுவலகத்தார், மடுவிலும் மன்னார்த் தீவிற் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை ஏற்படுத்தினர். அங்கே வருவோரைத் தடுப்பதுமில்லை, போவோரை நிறுத்துவதுமில்லை. சைவரும் கத்தோலிக்கரும் ஆகிய பலர் அங்கு உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று, பிள்ளைகளைப் படிப்பித்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில், வடமாகாணத்திலிருந்த முஸ்லிம்கள் யாவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தொகை 70,000-க்குக் குறையாது. மன்னார் முஸ்லிம்கள் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்திற்கும் சென்று, ஆங்கு வாழ்ந்தோரால் ஏற்கப்பட்டனர். 1626-இல் நிகழ்ந்தது 1990-இல் மீண்டும் நிகழ்ந்தது. துரத்தியோர் பெயரே மாறிற்று. துரத்தப்பட்ட நினைவுடைய ஓர் இனத்தார், தாம் வல்லமை பெற்றவிடத்துப் பிறரைத் துரத்தாதிருப்பர் என்பதற்கு உறுதியில்லை என்பதை இது காட்டுகின்றது. துன்பம் தானே ஒருவர்க்கு இரக்கத்தைக் கற்பிப்பதில்லை. துன்பத்தை நினைவில் வைத்து, அதனைப் பிறர்பால் ஏற்றிப் பார்ப்பவர்க்கே அது கற்பிக்கின்றது.

கோவில் என்பதனால் மாத்திரம் குண்டுகள் விலகுவதில்லை. 1995 ஜூலை 9-ஆம் நாள், யாழ்ப்பாணத்து நவாலியிற் புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது விமானப்படை குண்டு வீச, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20-ஆம் நாள் இரவு, மருதமடு ஆலயத்தின்மேலேயே பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. உள்ளே புகலடைந்திருந்தோருட் குழந்தைகள் உள்ளிட்ட ஏறத்தாழ 40 பேர் உயிர் துறந்தனர். எறிந்தவர் நீரே என்று இரு சேனைகளும் ஒன்றையொன்று குற்றஞ் சாட்டின. யாவராயினும், மாண்டோர் புகலடைந்தோரே.

2008 ஏப்ரலிற் போர் ஆலயத்தை நெருங்கியபோது, குருமார் தேவமாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டி என்னும் கடற்கரையூர்க்குச் சென்றனர். 1670-இல் மாந்தையினின்றும் ஓடிவந்த சுரூபம், 338 ஆண்டு கழிந்து மருதமடுவினின்றும் ஓடிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் அது மீண்டும் கொணரப்பட்டது. 2015 ஜனவரி 14-ஆம் நாள், பிரான்சிஸ்கு திருத்தந்தை கொழும்பில் யோசேப்பு வாஸ் சுவாமியாரைப் புனிதர் என்று அறிவித்து, அன்றே மருதமடுவிற்கும் சென்றார். அங்கே தமிழரும் சிங்களரும் ஒருங்கு கூடியிருந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், சிரியா முதலிய நாடுகளினின்றும் ஐரோப்பாவுக்கு ஓடிவந்தோர்பொருட்டு, ஐரோப்பாவிலுள்ள ஒவ்வொரு கோவிற்பற்றும் ஒவ்வோர் அகதிக் குடும்பத்தை ஏற்றல் வேண்டும் என அவர் வேண்டினார். ஏற்றல், காத்தல், முன்னேறச் செய்தல், தம்முள் ஒருவராக்கிக்கொள்ளல் என நான்கு வினைகளை 2018-ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் நாளுக்குரிய செய்தியில் அவர் வகுத்துரைத்தார்.

இந்நான்கனுள் முன்னிரண்டு எளியன, பின்னிரண்டு அரியன. ஒருவனுக்கு ஒரு வேளை சோறிட நம்மிற் பலரும் முன்வருவர். அவன் மகன் நம் மகனோடு ஒரு வகுப்பில் முதன்மை பெறுங்கால், அவன் நம் தெருவில் மனை வாங்க வருங்கால், அவன் வீட்டுப் பெண்ணை நம் வீட்டார் கேட்குங்கால், முன்வந்தவருட் பலர் பின்வாங்குவர். கோவிற்பற்றுகளும் இதற்கு விலக்கல்ல. நம் தென்பாண்டி நாட்டில், ஒரே ஆலயத்தினுட் சாதிபற்றித் தனித்தனி இடம் வகுத்து நடுவே சுவர் எழுப்பிய வடக்கன்குளத்துச் செய்தியைப் பலரும் அறிவர். அச்சுவர் பின்னர் இடிக்கப்பட்டது. எனினும் நெஞ்சிலுள்ள சுவரை இடிக்கக் கொத்தன் இல்லை. சங்கம் கூட்டி வாழ்வோராகிய நாம் இதனை முதலில் எண்ணல் வேண்டும். ஒரு குலத்தார் கூடுவது தம்முள் எளியாரை உயர்த்துதற்கே. அயலாரை விலக்குதற்காயின் அக்கூட்டம் கோட்டையாகுமேயன்றிக் குடும்பமாகாது.

அக்கரைக் கதையை இவ்வளவு விரித்தமைக்குக் காரணம் இக்கரையில் உளது. தோட்டத்திற்குச் செல்வோர் தங்கிய மண்டபமே, 1983-இன்பின் அக்கரையினின்றும் ஓடிவந்தோரைத் தங்கவைக்கும் முகாமாயிற்று. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் ஏற்பட்டன. 2021-இற் தமிழ்நாட்டு அரசினர் அவற்றை அகதி முகாம் என்னாது, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றினர். பெயர் மாறியது நன்றே. எனினும் இம்மண்ணிலே பிறந்து, இம்மண்ணிலே படித்து, இம்மண்ணிலே மணம் முடித்தோருட் பலர்க்கு இந்நாட்டுக் குடியுரிமை இன்னும் கிட்டிற்றிலது. தாய் தந்தையர் கடல் கடந்தனர். பிள்ளைகளோ எவ்வெல்லையும் கடந்தவரல்லர். அவரையும் அகதி என்பது எவ்வாறு பொருந்தும்? சொல்லாராய்ச்சியில் யாம் கூறியதை ஈண்டு நினைவுகூர்க.

சட்டத்தை மாற்றுதல் அரசினர் கடமை. அதனை வேண்டுதல் நம் கடமை. அதற்கு முன்னரே நம்மால் இயல்வன சில உள. நம் சங்கத்தின் கல்வி உதவிநிதி நம்மவர் பிள்ளைகளுக்கே உரியது என்னும் விதி இருப்பின், அதனுள் ஒரு பகுதியை அண்மையிலுள்ள முகாம் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். மணமண்டபம் உடையோர், முகாமில் நடக்கும் திருமணத்திற்கு வாடகையின்றி விடலாம். தொழிற்சாலையும் கடையும் உடையோர், வேலை கேட்டு வருவோரை முகாம் முகவரி கண்டு திருப்பாதிருக்கலாம். வடநாட்டினின்றும் கட்டட வேலைக்கு வந்து நம் ஊர்களிற் கூட்டமாய்த் தங்கியிருக்கும் தொழிலாளர்க்கும் இது பொருந்தும். நம் முன்னோர் மாத்தளைக்கு நடந்தவாறே இவர்களும் வந்துளர். நோயில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், கூலி குறைக்கப்பட்டவிடத்து உடன் நின்று கேட்கவும் ஊரறிந்த ஒருவர் அவர்க்கு வேண்டும். இவை யாவும் பெரும்பொருள் வேண்டும் செயல்களல்ல. மருதமடுவின் 20 குடும்பத்தார்க்கு இவற்றிற் பாதி வசதியும் இல்லை.

நம் குலவரலாற்றை நூலாக்க வேண்டும் என்னும் எண்ணம் சங்கத்தாருட் பலர்க்கு உண்டு. எழுதப் புகுவோர்க்கு யாம் ஒன்று விண்ணப்பிப்போம். நம் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பதனோடு அமையாது, வந்த அன்று அவர்க்கு நீர் வார்த்தவர் யாவர், எக்குலத்தார், எத்தெருவார் என்பதனையும் முதியோரிடம் வினவி எழுதி வைக்க. அதன் எதிரேட்டை வெறுமையாக விட்டு வைக்க. நம்பால் வந்தோர் யாவர், அவர்க்கு நாம் செய்தது யாது என்பதை நம் பிள்ளைகள் அதில் எழுதுவாராக.